அஞ்சுவான், மயோத், ஓஸ்டர்முண்டிகன்

ஓல்டனில் ரயில் புறப்பட்டு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, நான் இரண்டாவது தடவையாக இருக்கையை விட்டு எழும்பினேன். முதல் தடவை கழிவறைக்குப் போனேன். இந்தத் தடவை போவதற்கு இடம் ஒன்றும் இருக்கவில்லை. "எங்கயப்பா?" என்று அக்‌ஷயா நிமிராமலே கேட்டாள். "உதில கதவடியில கொஞ்சம் நிண்டிட்டு வாறன், உள்ளுக்கு ஒரே வெக்கை" என்றேன். மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பெட்டியில் பாதிப் பேர் ஜாக்கெட்டைக் கழற்றாமல் இருந்தார்கள். அவளுடைய மடியில் நான் எழுதிக் கொடுத்த ஏழு தாள்கள் கிடந்தன. உதடு அசைய அசைய வாசித்துக்கொண்டிருந்தாள். ஆறாவது தாளில் நிற்கிறாள் என்பது கண்ணாடிக் கதவு வழியாகவே தெரிந்தது. ஏழாவது தாளுக்கு அவள் வருகிற நேரம் நான் பக்கத்தில் இருக்கக்கூடாது என்று நினைத்தேன். பக்கத்தில் இல்லாவிட்டால் வேறு யாரிடமாவது விளக்கம் கேட்டுவிடுவாளோ என்றும் பயந்தேன்.

என் பெயர் தவச்செல்வன். சுவிசுக்கு வந்து முப்பத்துநான்கு வருடம். அதில் இருபத்தாறு வருடம் ஓல்டனில், ரயில் பாதைக்குப் பக்கத்திலுள்ள ஒரு பெரிய களஞ்சியத்தில். ஒரு லொறியில் வருகிற சாமானை இறக்கி, பிரித்து, இன்னொரு லொறியில் ஏற்றுவது வேலை. பெட்டியில் ஒட்டியிருக்கிற டொச், அதுதான் ஜெர்மன், எல்லாம் வாசிப்பேன். சாமான் உடைந்து வந்தால் சாரதியோடு டொச்சில் சண்டை பிடிப்பேன். சுகமில்லை என்று டொச்சில் லீவு கேட்பேன். நாற்பது பக்கத்து ஆய்வு ஒன்றை வாசிக்க அந்த டொச் காணாது. சாட்டுக்காகச் சொல்லவில்லை, என் மகளின் ஆய்வை நான் வாசிக்கவில்லை என்பதை முதலே சொல்லிவிட வேண்டும்.

இங்கே உயர்பள்ளியை முடிக்கிற பிள்ளைகள் ஒவ்வொருவரும் தாங்களே ஒரு விஷயத்தைத் தெரிவுசெய்து ஆய்வு எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு வருடம் இழுக்கிற வேலை. என் மனைவி சிவகலா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். மகள் ஏதாவது நோயைப் பற்றி எழுதுவாள், பிறகு டொக்டராவாள் என்று கணக்குப் போட்டிருந்தாள். அக்‌ஷயா இரண்டு தீவுகளை எடுத்தாள். ஆபிரிக்காவுக்கும் மடகஸ்காருக்கும் இடையில் கிடக்கிற அஞ்சுவானும் மயோத்தும். இரண்டையும் பிரான்ஸ் ஆண்டது. ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்துநான்கில் அந்தப் பக்கத்துத் தீவுகளில் வாக்கெடுப்பு வைத்தார்கள். அஞ்சுவான் பிரிந்து போகிறோம் என்றது. மயோத் பிரான்சோடேயே இருக்கிறோம் என்றது. ஐம்பது வருடத்துக்குப் பிறகு இரண்டும் எப்படி இருக்கின்றன என்பதுதான் ஆய்வு. இவ்வளவும் இப்போது எனக்குத் தெரியும். அப்போது தெரிந்தது மூன்று சொல்: தீவு, சுதந்திரம், வாக்கெடுப்பு. தை மாதம் புள்ளி வந்தபோது நாலாவதாக ஒன்று சேர்ந்தது. ஆறு. சுவிசில் ஆறுக்கு மேலே புள்ளி கிடையாது.

ஒரு தகப்பன் தலைகால் தெரியாமல் ஆட இவ்வளவும் போதும். அடுத்த கிழமை ஓஸ்டர்முண்டிகனில் பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடுகிற ஒரு சாமத்திய வீட்டுக்குப் போனோம். அங்கே குணசேகரம் அண்ணையைக் கண்டேன். பேர்ண் பக்கத்துத் தமிழர்களின் சங்கத்துக்குப் பதினைந்து வருடமாக அவர்தான் தலைவர். சாப்பாட்டு வரிசையில் நின்றபடியே அவரிடம் சொன்னேன்: "மகள் தீவுகளின்ர சுதந்திரத்தைப் பற்றி எழுதினவள் அண்ணை. வாக்கெடுப்பு எல்லாம் போட்டு. ஆறு குடுத்திருக்கிறாங்கள்." அவர் கையிலிருந்த தட்டைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு என் தோளைப் பிடித்தார். "எங்கட பிள்ளையள் மறந்துபோச்சுதுகள் எண்டு ஆர் சொன்னது? ஆண்டு விழாவில தங்கச்சி கதைக்கட்டும். தமிழில. கடைசியில எங்கட பிரச்சினையையும் ஒருக்காத் தொட்டுவிடட்டும்." நான் மகளைக் கேட்காமலே ஓம் என்றேன். இரண்டு நாளில் அவளுடைய படத்தோடு விளம்பரம் வட்சப்பில் வந்தது. 'தீவுகளின் விடுதலைப் பயணம்: இளைய தலைமுறையின் எழுச்சிப் பார்வை.' அதை நான் பதினொரு குழுக்களுக்கு அனுப்பினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டிலிருந்து யாரும் தனிநாட்டுக்காகச் சண்டை பிடித்த இயக்கத்துக்குப் போகவில்லை. நான் இருபது வயதில் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தேன். அண்ணா கனடாவில், தங்கச்சி லண்டனில். ஷெல்லடியில் எங்கள் வீட்டுக்குப் போனது நாலைந்து ஓடுகள் மட்டும்தான். அதனால்தானோ என்னவோ, இங்கே கூட்டம் என்றால் முதல் வரிசையில் நான் இருப்பேன். ஊர்வலத்தில் தொண்டை கட்டும்வரை கத்துவேன். இரண்டாயிரத்துப் பத்து தை மாதம், ஊரில் போர் எல்லாம் முடிந்து எட்டு மாதம் கழித்து, தனிநாடு வேண்டுமா வேண்டாமா என்று சுவிசிலுள்ள தமிழர்களிடம் ஒரு வாக்கெடுப்பு வைத்தோம். நான் மேசை போட்டிருந்து பெயர் பதிந்தேன். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பனிக்குள்ளால் வந்து வரிசையில் நின்றார்கள். சிவகலா மூன்று வயது அக்‌ஷயாவோடு வந்தாள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு மேல் ஓம் போட்டிருந்தார்கள். அன்றிரவு நான் அழுதேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே பெரிய காரியம் அதுதான் என்று நம்பியிருந்தேன்.

பேச்சுக்கு எட்டு நாள் முன்பு, சனிக்கிழமை காலை, குசினி மேசையில் நானும் அக்‌ஷயாவும் இருந்தோம். அவள் டொச்சில் எழுதியதைப் பார்த்துப் பார்த்து வீட்டுத் தமிழில் சொல்ல வேண்டும், நான் அதை மேடைத் தமிழில் எழுத வேண்டும். எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் இதுதான் முறை. தாயோ தகப்பனோ எழுதிக் கொடுப்பார், பிள்ளை பாடமாக்கும், சபை கைதட்டும். அக்‌ஷயா ஏழு வயதில் பேச்சுப் போட்டியில் முதலாவதாக வந்தாள். கேடயத்தோடு காருக்குள் ஏறியதும் "அப்பா, குருதி எண்டா என்ன?" என்று கேட்டாள். நானும் சிவகலாவும் சிரித்தோம். இன்றுவரை அதை ஒரு பகிடியாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டுதான் இருந்தோம்.

அவள் சொல்லச் சொல்ல என் பேனை மெதுவாகப் போகத் தொடங்கியது. அஞ்சுவானில் ஆட்சி கவிழ்ந்து கவிழ்ந்து ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. பிள்ளைத்தாய்ச்சிகள் சின்ன மீன்பிடி வள்ளங்களில் ஏறி எழுபது கிலோமீற்றர் கடலைத் தாண்டி மயோத்துக்குப் போகிறார்கள். மயோத்துக்குப் போனால் பிரான்சுக்குப் போன மாதிரி. வள்ளங்கள் கவிழ்கின்றன. எத்தனை ஆயிரம் பேர் செத்தார்கள் என்று சரியாக எண்ணிப் பார்த்தவர் இல்லை. தொண்ணூற்றேழில் அஞ்சுவான்காரர் திரும்பவும் எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பிரான்சைக் கேட்டார்கள். பிரான்ஸ் மாட்டேன் என்றது. இந்த இடத்தில் நான் பேனையை வைத்துவிட்டேன்.

"அப்ப பிரியாமல் இருந்தவை நல்லா இருக்கினம் எண்டோ எழுதியிருக்கிறாய்?"

"இல்லையப்பா. மயோத்திலயும் தகரக் கொட்டில்தான். பொலிஸ் வந்து இடிக்கும். பைப்பில தண்ணி மூண்டு நாளைக்கு ஒருக்கா வந்த காலமும் இருக்கு. முழு பிரான்சிலயும் ஆகக் கஷ்டமான இடம் அதுதான்."

"அப்ப ஆர் செய்தது சரி?"

"அதைத்தான் நானும் ஒரு வருஷமாத் தேடினனான்" என்றாள். பிறகு கடைசிப் பக்கத்தை எடுத்து டொச்சில் இரண்டு தடவை மனதுக்குள் வாசித்தாள். அது அவளுக்கு முக்கியமான பக்கம் என்று முகத்தில் தெரிந்தது. சொல் தேடித் தேடித் தமிழில் சொன்னாள். "எது சரியெண்டு என்னால சொல்ல ஏலாது. ஆனா வோட் போட்ட ஆக்கள் வேற, கடல்ல சாகிற ஆக்கள் வேற. சாகிற ஆக்களிட்ட ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் எங்கேயோ இருக்கிற இரண்டு தீவைச் சொல்கிறாள், எங்களைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை, எல்லாம் விளங்குகிறது. இருந்தாலும் எனக்குக் கண்ணுக்கு முன்னால் வந்தது நான் பெயர் பதிந்த மேசை. சுவிஸ் விசாவும் ஹீற்றரும் இருக்கிற மண்டபத்தில், சூடான தேத்தண்ணி குடித்தபடி, எட்டு மாதத்துக்கு முன்பு செத்தவர்களுக்காக ஓம் போட்டுக்கொண்டிருந்த நாங்கள். பதினைந்து வருடமாக எனக்கு நானே கேட்காமல் வைத்திருந்ததை என் பிள்ளை பிரெஞ்சுப் புத்தகங்களைப் படித்துவிட்டுக் கேட்டுவிட்டாள். அதுவும் இருநூறு பேர் முன்னால் கேட்கப் போகிறாள். குணசேகரம் அண்ணையின் முகம் எப்படிப் போகும் என்று யோசித்தேன். என் முகம் எப்படிப் போகும் என்றும் யோசித்தேன்.

"ஏனப்பா எழுதாமல் இருக்கிறீங்கள்?" என்றாள்.

"மனசில இருக்கு. பிறகு நல்ல தமிழில எழுதுறன்" என்றேன்.

அந்தக் கிழமை முழுக்க வேலை முடிந்து வந்து வந்து எழுதினேன். முதல் ஐந்து தாளில் கள்ளம் இல்லை. தொண்ணூற்றேழாம் ஆண்டை விட்டுவிட்டேன், நேரம் காணாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆறாவது தாளில் வள்ளங்கள் வர வேண்டிய இடத்தில் 'அலைகடல் மேவி இன்னல் பல சுமந்த மாந்தர்' என்று வந்தது. அதற்குள் யாரும் மூழ்கவில்லை. ஏழாவது தாளை நாலு தடவை கிழித்தேன். ஐந்தாவது தடவை எழுதியதை இப்போதும் பாடமாகச் சொல்வேன். 'விடுதலை விலையின்றிக் கிடைப்பதன்று. அத்தீவின் தாயரும் எம் மண்ணின் தாயரும் தம் மைந்தரை மனமுவந்து ஈந்தனர். ஈந்தோரின் கனவு ஒருநாள் வெல்லும்.' வாசித்துப் பார்க்க எனக்கே மெய் சிலிர்த்தது. கொம்பியூட்டரில் அடித்துத் தாங்கோ என்று அக்‌ஷயா கேட்டாள். கையால் எழுதினால்தான் மனதில் பதியும் என்றேன். உண்மைக் காரணம் வேறு. அச்செழுத்தைப் போனில் படமெடுத்தால் டொச்சில் மாற்றிக் காட்டிவிடும். என் கையெழுத்தை எந்தப் போனாலும் வாசிக்க முடியாது.

ரயில் பேர்ணுக்குக் கிட்ட வரும்போது அவளே எழும்பிக் கதவடிக்கு வந்துவிட்டாள். அன்று வேலைக்குப் போயிருந்த சிவகலாவின் பச்சைச் சேலையைக் கட்டியிருந்தாள், அதற்கு மேலே குளிர் ஜாக்கெட். கையில் ஏழாவது தாள்.

"அப்பா, ஈந்தனர் எண்டா என்ன?"

"இழந்தினம் எண்டு வரும். சனங்கள் இழந்ததைச் சொல்லுது."

"வள்ளம் கவிழுறது எங்க இருக்கு?"

"இதுக்கு முந்தின தாளில அலைகடல் எண்டு வந்ததெல்லோ, அது அதுதான்."

"ஆரிட்டயும் கேக்கேல்லை எண்டது?"

"இதில கடைசி வரியில இருக்கு. கனவு எண்டு வருகுது பார். இலக்கியத் தமிழில நேராச் சொல்லாயினம், சுத்தி வளைச்சுத்தான் சொல்லுவினம்."

அவள் தாளை இன்னொருமுறை பார்த்தாள். "வடிவாயிருக்கு அப்பா, உங்கட தமிழ். எனக்கு ஒரு நாளும் இப்பிடி எழுத வராது" என்றாள். அதற்குப் பதிலாக அவள் என்னைத் திட்டியிருக்கலாம். ரயில் நிற்க முதலே கதவுப் பொத்தானை நாலைந்து தடவை அழுத்தினேன். பக்கத்தில் நின்ற சுவிஸ்காரக் கிழவர் ஒருவர், இன்னும் நிற்கவில்லை ஐயா, என்று எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

மண்டபம் ஓஸ்டர்முண்டிகனில் ஒரு பாடசாலையோடு சேர்ந்தது. கூடைப்பந்து வளையங்களை மேலே மடித்துவிட்டு, கோடு போட்ட தரையில் இருநூறு கதிரைகள் அடுக்கியிருந்தார்கள். குசினிப் பக்கமிருந்து றோல்ஸ் பொரிக்கிற மணம் வந்தது. மங்கல விளக்கு, போரில் செத்தவர்களுக்கு அகவணக்கம், சின்னப் பிள்ளைகளின் நடனம், சங்கத்தின் ஆண்டறிக்கை என்று நிகழ்ச்சி இழுபட்டது. எனக்கு முதல் வரிசையில் இடம் விட்டிருந்தார்கள். நான் அதில் இரண்டு நிமிடம் இருந்திருப்பேன். பின் சுவரோரம் போனேன், வாசலுக்குப் போனேன், திரும்பவும் வந்தேன். ஒரு கட்டத்தில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து மேடையின் பக்கப் படிக்கே போய்விட்டேன். அங்கே அக்‌ஷயா தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றாள். "என்னப்பா, நீங்கள் என்னைவிடப் பயப்பிடுறீங்கள்" என்று சிரித்தாள். அவளுடைய தோளில் சேலைப் பின் சரியாகக் குத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். சொன்னால் அவள் மேடை ஏறமாட்டாள். ஏறாவிட்டால் பதினொரு குழுக்களுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் நான் அந்த நேரத்தில் யோசித்தது, இதைவிடப் பெரிதாக ஒன்றும் யோசிக்கவில்லை.

அவள் நன்றாகப் பேசினாள். தாளை அதிகம் பார்க்கவும் இல்லை. சுவிசில் பிறந்த பிள்ளை இப்படித் தமிழ் பேசுகிறதே என்று எனக்கு முன்னாலிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மயோத் என்றால் என்ன, அஞ்சுவான் என்றால் என்ன என்று சபைக்குத் தெரியாது, அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. அஞ்சுவான் ஓம் போட்டது என்ற இடத்தில் ஒருமுறை கைதட்டினார்கள். ஏழாவது தாளில் அவள் குரலைத் தாழ்த்தினாள். கடலில் சாகிறவர்களைப் பற்றிச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, தம் மைந்தரை மனமுவந்து ஈந்தனர் என்றாள். மண்டபம் எழும்பியது. கதிரைகள் பின்னால் தள்ளப்படுகிற சத்தமும் கைதட்டலும் விசிலும். அவள் திடுக்கிட்டுப் போனாள். ஒலிவாங்கியைப் பிடித்தபடி இருநூறு பேருக்குள் என்னைத் தேடினாள். அவள் கண்டுபிடித்தபோது நானும் எழும்பி நின்று கைதட்டிக்கொண்டிருந்தேன்.

விழா முடிந்ததும் குணசேகரம் அண்ணை என்னைக் கட்டிப்பிடித்தார். "பிள்ளையை வளர்த்தா இப்பிடி வளர்க்கோணும்" என்று சுற்றி நின்றவர்களுக்குச் சொன்னார். எல்லோரும் றோல்ஸ் வாங்கப் போனபிறகுதான் அக்‌ஷயா என்னிடம் வந்தாள். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"அந்த இடத்தில ஏனப்பா கை தட்டினவை?"

"நல்லாக் கதைச்சாய். அதுதான்."

"ஆக்கள் சாகிற இடத்தில ஆரும் கை தட்டுவினமோ?"

அந்த நேரம் குசினிப் பக்கமிருந்து இராசம்மா அக்கா வந்தார். அறுபது கடந்தவர். ஆஸ்பத்திரியொன்றில் சுத்திகரிப்பு வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்துக்குப் பலகாரம் பொரிப்பார். வன்னியிலிருந்து மகள் கூப்பிட்டு எடுப்பித்து இங்கே வந்து பன்னிரண்டு வருடம் இருக்கும். மகன் ஒருவர் கடைசிச் சண்டையில் போனவர் என்று எல்லோருக்கும் தெரியும். அகவணக்கத்துக்கு விளக்கேற்ற அவரைத்தான் எப்போதும் கூப்பிடுவோம். கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு அக்‌ஷயாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"பிள்ளை, நல்லாத்தான் கதைச்சனி. ஆனா நான் குடுக்கேல்லை."

அக்‌ஷயாவுக்கு விளங்கவில்லை. "என்ன அன்ரி?"

"தாய்மார் விரும்பிக் குடுத்தவை எண்டு சொன்னியெல்லோ. குசினி வாசல்ல நிண்டு கேட்டனான். நான் குடுக்கேல்லை. அவனுக்குப் பதினேழு வயசு. இயக்கக்காரர் வீட்டை வந்து பிடிச்சுக்கொண்டு போனவை. றோட்டு முடியுமட்டும் வாகனத்துக்குப் பின்னால ஓடினனான்." குரலில் கோபம் இல்லை. தவறான முகவரிக்கு வந்த கடிதத்தைத் திருப்பிக் கொடுப்பதுபோலத்தான் சொன்னார். பன்னிரண்டு வருடத்தில் ஒரு விளக்கேற்றலின்போதும் அவர் இதை எங்களுக்குச் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதும் இல்லை.

"நான் அப்பிடிச் சொல்லேல்லையே அன்ரி" என்றாள் அக்‌ஷயா.

"சொன்னனி பிள்ளை."

அவள் ஏழாவது தாளைப் பிரித்துப் பார்த்தாள். எழுத்துக்கூட்டி அந்த வரியை வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்பா, ஈந்தனர் எண்டா என்ன?"

ரயிலில் கேட்ட அதே குரலில் கேட்கவில்லை. இன்னொரு பொய் சொல்ல எனக்கு இடம் இருந்தது. இருந்தது என்றுதான் நினைக்கிறேன். இராசம்மா அக்கா நின்றிருக்காவிட்டால் சொல்லியும் இருப்பேன்.

"குடுத்தினம்" என்றேன். "விரும்பிக் குடுத்தினம்."

"இது நான் எழுதினது இல்லை."

"ஓம்."

"கனவு எண்டு வாறது?"

"அதுவும் நீ எழுதேல்லை."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும், நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், சண்டையோடேயே வீடுவரை போய்ச் சேர்ந்திருப்போம். அவளுடைய கண் நிறைந்தது. முகம் சின்னப்பிள்ளை முகமாகி, உடனே என்னிலும் மூத்த ஒருத்தியின் முகமாகியது. தாளை என் சட்டைப் பைக்குள் வைத்தாள். போனை எடுத்து எதையோ தேடினாள். "அன்ரி, ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கிறீங்களோ? நான் எழுதினதைச் சொல்லுறன். எனக்கு நல்ல தமிழ் வராது" என்றாள். இராசம்மா அக்கா சுவரோரக் கதிரையில் இருந்தார். கைப்பையைப் பக்கத்துக் கதிரையில் வைத்தார்.

அக்‌ஷயா நின்றபடியே சொல்லத் தொடங்கினாள். தன் டொச்சைப் பார்த்துப் பார்த்து, எங்கள் வீட்டுத் தமிழில், பாதி வசனத்தில் நின்று நின்று. மருந்து இல்லாத ஆஸ்பத்திரியைச் சொன்னாள். வள்ளத்தைச் சொன்னாள். தொண்ணூற்றேழையும் சொன்னாள். ஓரிடத்தில் சொல் வராமல் நின்றாள். என் பக்கம் திரும்பாமலே, "கடலுக்குள்ள மூச்சில்லாமல் செத்துப்போறதுக்கு என்ன சொல்லுறது?" என்று கேட்டாள்.

"தாண்டு போறது" என்றேன்.

"தாண்டு போகினம்" என்று இராசம்மா அக்காவிடம் சொன்னாள். "பிள்ளைத்தாய்ச்சியளும் தாண்டு போகினம்." அவர் தலையாட்டினார். நான், அதுவரைக்கும் கால் ஓரிடத்தில் நிற்காமல் திரிந்தவன், அந்தத் தரையில் போட்டிருந்த சிவப்புக் கோட்டின் மேல் அசையாமல் நின்றேன். அந்தப் பக்கம் குணசேகரம் அண்ணை ஒலிவாங்கியில் எங்களைக் கூப்பிட்டார். குழுப் படம் எடுக்க வேண்டும், தவச்செல்வனும் மகளும் உடனே மேடைக்கு வரவும். இரண்டாம் தடவையும் கூப்பிட்டார். சிலர் திரும்பி எங்களைப் பார்த்தார்கள்.

அக்‌ஷயா கடைசி வரிக்கு வந்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். போனை என் பக்கம் நீட்டினாள்.

"இதை நீங்கள் சொல்லுங்கோ."

வாசிக்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. எட்டு நாளாக அந்த வரி எனக்குள்தான் இருந்தது. மேடையிலிருந்து மூன்றாம் தடவை என் பெயர் கேட்டது. இருந்த குரலில் சொன்னேன். "வோட் போட்ட ஆக்கள் வேற, அக்கா. சாகிற ஆக்கள் வேற. சாகிற ஆக்களிட்ட ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை."

இராசம்மா அக்கா ஏப்ரனின் நுனியை விரலில் சுற்றினார். பிறகு அக்‌ஷயாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அங்கயும் கேக்கேல்லையோ?"

நான் ஓம் என்றேனா, தலையை மட்டும் ஆட்டினேனா என்று நினைவில்லை. அவர் பக்கத்துக் கதிரையிலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். காலியானது ஒரு கதிரைதான், நாங்கள் இரண்டு பேர் நின்றோம். அக்‌ஷயா சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரடி பின்னால் விலகி எனக்கு இடம் விட்டாள்.